4 மணி நேர ஆட்டம் 6 மணி நேரம் ஆவது ஏன்?

நியூயார்க் பொது கோல்ப் மைதானங்களில் ஞாயிறுதோறும் ஒரு தவிப்பு

ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி. நியூயார்க் நகர ரெயிலில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு ஒரு நீளப் பை. பைக்குள்ளே இரும்பு மட்டைகள். ரெயில் வடக்கே போய்க்கொண்டே இருக்கிறது. கடைசி நிலையம் வந்துவிட்டது. அந்த நிலையத்தின் பெயர் 242-வது தெரு. அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்குகிறார். கொஞ்ச தூரம் நடந்தால் வான் கோர்ட்லண்ட் பூங்கா.

அவர் கோல்ப் ஆடப் போகிறார்!

கோல்ப் என்றால் நமக்கு நினைவு வருவது ஊட்டியில் வெள்ளைக்காரத் துரைமார்கள் ஆடிய ஆட்டம். பெரிய கிளப், பெரிய சந்தா, மட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓட ஒரு பையன். அமெரிக்காவிலும் அப்படிப்பட்ட கிளப்புகள் உண்டு. உறுப்பினர் அல்லாதவர்கள் வாசல்படி ஏற முடியாது.

ஆனால் ரெயிலில் வந்த இந்த மனிதர் பணக்காரர் அல்ல. அவரை ஒரு தபால்காரர் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 6 நாள் தெருத் தெருவாக நடக்கிறவர். அவர் ஆடப் போவது நகராட்சிக்குச் சொந்தமான பொது மைதானம். சினிமாவுக்கு டிக்கெட் வாங்குவது போல, பணம் கட்டி டிக்கெட் வாங்கினால் யாரும் ஆடலாம்.

வான் கோர்ட்லண்ட் மைதானம் 1895-ம் ஆண்டு திறக்கப்பட்டது. அமெரிக்காவில் உள்ள பொது கோல்ப் மைதானங்களில் இதுதான் மிகப் பழையது. முதலில் 9 குழிகள்தான் இருந்தன. 1899-ல் 18 குழிகள் ஆயின. இன்று நியூயார்க் நகர எல்லைக்குள் இதுபோல் பத்துக்கு மேற்பட்ட பொது மைதானங்கள் இருக்கின்றன. பள்ளிக்கூட ஆசிரியர், பஸ் டிரைவர், நர்ஸ், போலீஸ்காரர், பென்ஷன் வாங்கும் கிழவர் எல்லோரும் அங்கே வருகிறார்கள்.

உலகப் புகழ் பெற்ற கோல்ப் வீரர் டைகர் உட்சை எல்லோருக்கும் தெரியும். அவருடைய தந்தை ஏர்ல் உட்ஸ் ராணுவத்தில் வேலை பார்த்தவர். அவர் மட்டை பிடிக்கக் கற்றுக்கொண்டது பணக்கார கிளப்பில் அல்ல. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் டைக்கர் பீச் என்ற பொது மைதானத்தில்தான். பொது மைதானம் இல்லையென்றால் தகப்பனாரும் இல்லை, பிள்ளையும் இல்லை!

அப்படிப்பட்ட இடத்துக்கு இப்போது ஒரு நோய் பிடித்திருக்கிறது. ஆட்டம் முடிவதே இல்லை!

ஆட்டம் எப்படி?

கோல்ப் ஆட்டம் தெரியாதவர்களுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும்.

ஒரு சிறிய பந்து. அதை மட்டையால் அடித்து, தூரத்தில் உள்ள குழிக்குள் விழச் செய்ய வேண்டும். குழியின் அகலம் நாலேகால் அங்குலம். எத்தனை குறைந்த அடியில் விழ வைக்கிறோமோ அத்தனை கெட்டிக்காரத்தனம். இப்படி 18 குழிகள். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

முதல் அடி அடிக்கும் இடத்துக்கு 'டீ' என்று பெயர். நாம் குடிக்கிற டீ அல்ல! குழியைச் சுற்றிலும் பாய் விரித்தாற்போல் ஒட்டக் கத்தரித்த புல்தரை இருக்கும். அதற்கு 'கிரீன்' என்று பெயர். டீயிலிருந்து கிரீன் வரை சில குழிகளுக்கு 500 கெஜம் தூரம் இருக்கும். சில குழிகளுக்கு 150 கெஜம்தான் இருக்கும். அந்தக் குறுந்தூரக் குழிகளை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வம்பு முழுவதும் அங்கேதான் பிறக்கிறது.

4 பேர் சேர்ந்தது ஒரு கோஷ்டி. ஒரு கோஷ்டி புறப்பட்டுச் சில நிமிடங்கள் கழித்து அடுத்த கோஷ்டி புறப்படும். நடந்து ஆடினால் 18 குழிகளையும் முடிக்க 4 மணி நேரம் ஆகும். சற்று நிதானமாக ஆடினால் நாலரை மணி நேரம்.

ஆனால் நியூயார்க் போன்ற பெரிய நகரங்களில், விடுமுறை நாளில், ஒரு ஆட்டம் முடிய 6 மணி நேரம் ஆவதும் உண்டு!

"4 மணிக்குள் வந்துவிடுவேன்"

நம் தபால்காரருக்கு 9 மணி 52 நிமிடத்துக்கு ஆட்டம். அன்று மாலை 4 மணிக்கு அவர் மகளுக்குப் பிறந்தநாள் விருந்து. அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாலரை மணி நேர ஆட்டம் என்றால் 2.22-க்கு முடிந்துவிடும். ரெயிலில் ஒரு மணி நேரம். வீட்டுக்குப் போய்க் குளித்து, சட்டை மாற்றிக்கொள்ளக்கூட நேரம் இருக்கிறது. "4 மணிக்குள் வந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டார்.

முதல் குழி முடிந்தது. இரண்டாவது குழி முடிந்தது. மூன்றாவது குழிக்குப் போனால் அங்கே ஒரு கோஷ்டி நிற்கிறது. அதற்கு முன்னால் இன்னொரு கோஷ்டி. அதற்கும் முன்னால் உள்ளவர்கள் பைகளைக் கீழே போட்டுப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்.

எல்லோரும் முன்னாலேயே பார்க்கிறார்கள். "யார் அந்த மடையன்?" என்று முணுமுணுக்கிறார்கள். முன்னால் இருப்பவர்களோ தங்களுக்கு முன்னால் இருப்பவர்களைக் காட்டுகிறார்கள். ரெயில்வே கேட் மூடியிருக்கும்போது வண்டிகள் வரிசையாக நிற்குமே, அந்த மாதிரி! கடைசி வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். முன்னால் என்ன நடக்கிறதென்று அவனுக்குத் தெரியாது.

பொது மைதானங்களில் இந்த எரிச்சலால் வாய்ச்சண்டை வருவது சகஜம். சில சமயம் பின்னால் இருப்பவர் பொறுமை இழந்து பந்தை அடித்துவிடுவார். அது முன்னால் இருப்பவர் காலடியில் வந்து விழும். கோல்ப் பந்து மண்டையில் பட்டால் ஆஸ்பத்திரிதான். சண்டைக்குக் கேட்பானேன்!

மந்த ஆசாமிகள்

மெதுவாக ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. அவர்களுக்கென்று சில லட்சணங்கள் உண்டு.

ஒருவர் பந்துக்கு முன்னால் நின்று, மட்டையைச் சும்மா நான்கு தடவை வீசிப் பார்ப்பார். பிறகு பின்னால் வந்து குனிந்து பார்ப்பார். கொஞ்சம் புல்லைக் கிள்ளி மேலே விட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பார். இத்தனையும் செய்துவிட்டு அடித்தால் பந்து 20 கெஜம் உருளும்! இன்னொருவர் தன் முறை வந்த பிறகுதான் கையுறையைத் தேடுவார். வேறொருவர் புதருக்குள் போன பந்தைத் தேடுகிறேன் என்று மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

தொழில் முறை வீரர்களும் இதற்கு விலக்கல்ல. ஜாக் நிக்லாஸ் என்ற மாவீரர் 1962-ல் போர்ட்லண்ட் ஓபன் போட்டியில் மெதுவாக ஆடியதற்காக 2 அடி அபராதம் வாங்கினார். (அப்படியும் அவரே ஜெயித்தார் என்பது வேறு விஷயம்.) 2013-ல் அகஸ்டா நகரில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியில் குவான் டியன்லாங் என்ற சீனச் சிறுவனுக்கும் இதே காரணத்துக்காக ஒரு அடி அபராதம் போட்டார்கள். அவனுக்கு அப்போது வயது 14! குழந்தை என்றும் பார்க்கவில்லை. இந்தப் போட்டிகளை டெலிவிஷனில் பார்க்கிறவர்கள், வீரர்களைப் போல் அடிக்கக் கற்றுக்கொள்கிறார்களோ இல்லையோ, வீரர்களைப் போல் யோசிக்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

அமெரிக்க கோல்ப் சங்கமும், ஸ்காட்லாந்தில் உள்ள தலைமைச் சங்கமும் சேர்ந்து 2019-ம் ஆண்டு சட்டங்களை மாற்றின. காணாமல் போன பந்தை முன்பு 5 நிமிடம் தேடலாம். இப்போது 3 நிமிடம்தான். ஒரு அடிக்கு 40 விநாடிக்கு மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று ஆலோசனை சொல்லப்பட்டது. குழிக்கு மிகவும் தூரத்தில் இருப்பவர்தான் முதலில் அடிக்க வேண்டும் என்பது பழைய மரியாதை. அதைப் பார்த்துக்கொண்டிருக்காமல், யார் தயாரோ அவர் அடிக்கலாம் என்று இப்போது ஊக்கப்படுத்துகிறார்கள். குழியில் உள்ள கொடியைப் பிடுங்கிவிட்டுத்தான் பந்தை உருட்ட வேண்டும் என்ற கட்டாயமும் போய்விட்டது.

நல்ல மாறுதல்கள்தான். ஆனால் தபால்காரரின் ஞாயிற்றுக்கிழமை இதனால் மட்டும் திரும்பக் கிடைத்துவிடாது. ஏன்?

ரோடு கமிஷனர் போட்ட கணக்கு

லூசியஸ் ரிச்சியோ என்று ஒரு என்ஜினீயர். 1990-களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரப் போக்குவரத்து இலாகாவுக்குக் கமிஷனராக இருந்தவர். நகரத்து ரோடுகளும், ரோட்டில் உள்ள பள்ளங்களும், வண்டி நெரிசலும் அவர் பொறுப்பில் இருந்தன. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பாடமும் நடத்தியவர். அவருக்கு கோல்ப் பைத்தியம் உண்டு.

கோல்ப் மைதானத்தில் ஏற்படும் தாமதத்தை அவர் ஒரு ஒழுக்கக் குறைவாகப் பார்க்கவில்லை. போக்குவரத்து நெரிசலாகப் பார்த்தார். ஆட்டக்காரர்களின் நடத்தை ஒரு காரணம்தான். மைதானத்தை அமைத்த விதமும், அதை நடத்துகிறவர்கள் எத்தனை பேரை எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை உள்ளே விடுகிறார்கள் என்பதும் பெரிய காரணங்கள் என்று அவர் எடுத்துக் காட்டினார். ஒரு தொழிற்சாலையில் எந்த இயந்திரம் மிக மெதுவாக ஓடுகிறதோ, அதுதான் அந்தத் தொழிற்சாலையின் வேகம். மற்ற இயந்திரங்களை எவ்வளவு விரட்டினாலும் பயனில்லை.

கோல்ப் மைதானத்தில் அந்த மெதுவான இயந்திரம் எது?

குறுந்தூரக் குழி!

நீண்ட குழியில் ஒரே நேரத்தில் இரண்டு கோஷ்டிகள் ஆடலாம். முன் கோஷ்டி பாதி தூரம் போனதும் பின் கோஷ்டி அடிக்கத் தொடங்கலாம். ஆனால் குறுந்தூரக் குழியில் முதல் அடியே கிரீனுக்குப் போய்விடும். முன்னால் இருக்கும் 4 பேரும் கிரீனை விட்டு இறங்கும் வரை பின்னால் இருப்பவர்கள் மட்டையைத் தூக்கவே முடியாது. அகலமான ரோடு ஒரு ஒற்றைப் பாலத்தில் வந்து முடிகிற மாதிரி!

இப்போது ஒரு சின்னக் கணக்கு. சிலேட்டில் போட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது குழி ஒரு குறுந்தூரக் குழி. ஒவ்வொரு கோஷ்டியும் அதை ஆடி முடிக்க 10 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். யாரும் சோம்பேறி அல்ல. எல்லோரும் ஒழுங்காகவே ஆடுகிறார்கள். ஆனால் மைதானத்து மானேஜர் 8 நிமிடத்துக்கு ஒரு கோஷ்டி வீதம் அனுப்புகிறார்.

காலை 6 மணிக்குப் போன முதல் கோஷ்டிக்குத் தொல்லையில்லை. இரண்டாவது கோஷ்டி 2 நிமிடம் காத்திருக்கும். மூன்றாவது கோஷ்டி 4 நிமிடம். பத்தாவது கோஷ்டி 18 நிமிடம். இருபதாவது கோஷ்டி 38 நிமிடம். நம் தபால்காரர் முப்பதாவது கோஷ்டி. அவருக்கு 58 நிமிடம்!

ஒருவரும் தப்புச் செய்யவில்லை. ஒரு பந்தும் தொலையவில்லை. அப்படியும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் போய்விட்டது. இதற்கு மேல் அங்கங்கே ஒரு பந்து தொலைந்து அரை மணி நேரம் போனால் 6 மணி நேரக் கணக்கு சரியாகிவிடுகிறது.

முன்னால் நிற்பவரைத் தபால்காரர் திட்டுகிறாரே, அது யாரைப் போய்ச் சேர வேண்டும்?

24 டிக்கெட்

மானேஜர் 10 நிமிடத்துக்கு ஒரு கோஷ்டி அனுப்பினால் என்ன? காத்திருப்பு அடியோடு ஒழிந்துவிடும். ஆனால் அவர் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது.

6 மணி முதல் 10 மணி வரை 4 மணி நேரம். 8 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 30 கோஷ்டிகள். 10 நிமிடத்துக்கு ஒன்று என்றால் 24 கோஷ்டிகள். 6 கோஷ்டி குறைகிறது. கோஷ்டிக்கு 4 பேர். 24 டிக்கெட் நஷ்டம்! ஞாயிற்றுக்கிழமை காலை டிக்கெட்டுக்குத்தான் கிராக்கி அதிகம். எந்த மானேஜருக்கு மனம் வரும்?

ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மானேஜர் 30 கோஷ்டிகளை அனுப்பினாலும் அந்த மூன்றாவது குழி 4 மணி நேரத்தில் 24 கோஷ்டிகளைத்தான் விடும். அதிகப்படியாக உள்ளே போன 6 கோஷ்டிகளும் ஆடவில்லை. புல்லில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கின்றன. அவர்களிடம் டிக்கெட் விற்றாகிவிட்டது, ஆட்டம்தான் விற்கப்படவில்லை. பந்தியில் 24 இலை போட இடம் இருக்கும்போது 30 பேரை உள்ளே கூப்பிட்டால் என்ன ஆகும்? ஆறு பேர் சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டியதுதான். கல்யாண வீட்டில் அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அங்கே யாரும் இலைக்குப் பணம் கொடுப்பதில்லை.

மானேஜரை முழுவதும் குறை சொல்லவும் முடியாது. பொது மைதானத்து டிக்கெட் ஏழைக்கு எட்ட வேண்டும். விலையை ஏற்றினால் தபால்காரர் வர முடியாது. ஏற்றாவிட்டால் புல் வெட்டுகிற கூலிக்குக் காணாது. ஆகவே தலைகளைக் கூட்டுகிறார்கள். விலையை ஏற்றாமல் நேரத்தில் வசூலிக்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். பணக்கார கிளப்பில் இந்த நோய் குறைவு. அங்கே உறுப்பினர்கள் கொஞ்சம் பேர், மைதானம் பெரிது.

காவலர்கள்

பல பொது மைதானங்களில் 'மார்ஷல்' என்று ஒரு காவலர் உண்டு. சிறிய வண்டியில் சுற்றிச் சுற்றி வருவார். தாமதம் செய்கிறவர்களை விரட்டுவது அவர் வேலை. பாதிப் பேர் ரிட்டயரான பெரியவர்கள். பணம் கட்டி வந்தவனை விரட்ட அவர்களுக்குத் தைரியம் வருவதில்லை. "கொஞ்சம் சீக்கிரம்" என்று சொன்னால், "முன்னால் பார், அங்கேயும்தான் நிற்கிறார்கள்" என்று பதில் வரும். பதில் நியாயமாகவும் இருக்கும்! காவலர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

உண்மையில் பலன் தருகிற மருந்து ஒன்று உண்டு. அதற்குக் காசு செலவில்லை. குறுந்தூரக் குழியில் முன் கோஷ்டி 4 பேரும் கிரீனுக்குப் போய்ச் சேர்ந்ததும், தங்கள் பந்துகள் கிடக்கும் இடத்தில் அடையாளம் வைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். பின்னால் இருப்பவர்களைப் பார்த்துக் கையை ஆட்டுவார்கள். "அடிக்கலாம்" என்று அர்த்தம். அவர்கள் நால்வரும் அடித்துவிட்டு நடந்து வருவார்கள். அவர்கள் நடந்து வருகிற அந்த நேரத்தில் முன் கோஷ்டி பந்தை உருட்டி முடித்துவிடும். ஒருவர் நடக்கும் நேரமும் மற்றவர் உருட்டும் நேரமும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போய்விடுவதால், கோஷ்டிக்கு 2 நிமிடம் மிச்சமானாலும் போதும். மேலே போட்ட கணக்கில் 10 நிமிடம் 8 ஆகிறது. வரிசை கரைந்துவிடுகிறது.

இதற்கு வேண்டியது பின்னால் இருப்பவரிடம் கொஞ்சம் நம்பிக்கை. கிரீன் ஓரத்தில் நிற்கிறவர் தலையில் பந்து விழாது என்ற நம்பிக்கை. முன்பின் தெரியாத மனிதர்கள் கூடும் பொது மைதானத்தில் அதுதான் சுலபத்தில் கிடைப்பதில்லை.

கஷ்டமான மைதானம்

மைதானம் எவ்வளவு கடினமோ அவ்வளவு தாமதம். பந்து காட்டுக்குள் போனால் தேட வேண்டும், மணலில் விழுந்தால் தோண்ட வேண்டும். ஆகவே, தூரத்தைக் குறைத்துக்கொண்டு முன்னால் உள்ள டீயிலிருந்து அடியுங்கள் என்று 2011-ல் அமெரிக்காவில் ஒரு பிரசாரமே செய்தார்கள். கேட்டவர்கள் குறைவு. முன் டீயிலிருந்து அடிப்பது ஆண்பிள்ளைக்கு அழகல்ல என்று ஒரு வறட்டு கௌரவம்!

இதை நேரில் காண வேண்டுமானால் நியூயார்க்கிலிருந்து கிழக்கே லாங் ஐலண்டில் உள்ள பெத்பேஜ் பூங்காவுக்குப் போக வேண்டும். அது மாகாண அரசுக்குச் சொந்தமானது. அங்கே 5 மைதானங்கள். அவற்றில் 'பிளாக்' என்ற கறுப்பு மைதானம் பொல்லாதது. 2002-ல் அமெரிக்க ஓபன் போட்டி அங்கே நடந்தது. டைகர் உட்ஸ் ஜெயித்தார். மிகுந்த திறமை உள்ளவர்கள் மட்டும் ஆட வேண்டும் என்று முதல் டீயிலேயே எச்சரிக்கைப் பலகை தொங்குகிறது. வண்டிக்கு அனுமதியில்லை. நடந்துதான் ஆட வேண்டும். இவ்வளவும் தெரிந்தும் ஜனங்கள் முதல் நாள் ராத்திரியே வந்து, நம்பர் போட்ட இடத்தில் காரை நிறுத்தி, காருக்குள்ளேயே படுத்துத் தூங்குகிறார்கள். பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு உள்ளே போய்ப் பந்தைத் தொலைக்கிறார்கள்!

ராத்திரி முழுவதும் காரில் தூங்கி வந்தவனிடம் போய் "சீக்கிரம் ஆடு" என்று யார் சொல்வது?

4 மணி அடித்தது

வான் கோர்ட்லண்டில் மணி 3.50. தபால்காரர் பதினெட்டாவது குழியில் பந்தை உருட்டிவிட்டார். மற்ற மூன்று பேருடன் கை குலுக்கினார். பையைத் தூக்கிக்கொண்டு ஏறக்குறைய ஓட்டமாக ரெயில் நிலையத்துக்கு வந்தார். 4 மணிக்கு அவர் இன்னும் பிளாட்பாரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். வீட்டில் கேக்கின் மேல் மெழுகுவத்தி நட்டாகிவிட்டது.

அடுத்த வாரத்துக்கு அவர் ஒரு முடிவு செய்துவிட்டார். ஆட்டத்தை விடுவதாக இல்லை. காலை 6 மணி டிக்கெட் கிடைக்குமா என்று பார்க்கப் போகிறார். முதல் கோஷ்டிக்கு முன்னால் யாரும் இல்லை. 10 மணிக்கெல்லாம் ஆட்டம் முடிந்துவிடும். ஆனால் அந்த டிக்கெட்டுக்குத்தான் போட்டி. மற்ற 29 கோஷ்டிகளில் உள்ளவர்களும் அதே ரெயிலில், அதே பிளாட்பாரத்தில், அதே முடிவைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.